கெட்டலில் பொங்கிய பால்

முதல் வருடம் மகள் பல்கலைக்கழக வளாகத்து விடுதியில் இருந்தாள். இரண்டாம் வருடம் அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவளும் கூடப் படிக்கும் இரண்டு பெண்களும் கோப்பெங்குக்கு அந்தப் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். அன்றிலிருந்தே எனக்கு நிலைகொள்ளவில்லை. கோயிலில் நிற்கும்போதுகூட வாய் கந்தனைச் சொல்லும், மனம் அந்த வீட்டைச் சுற்றும். அங்கே அவளை விட்டுவிட்டு வரலாமா, கூடாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிம்பாங் பூலாயிலிருந்து நானும் என் மனைவியும் அவளையும் சாமான்களையும் காடியில் ஏற்றிக்கொண்டு போனோம். மனைவி மடியில் பால் பாக்கெட்டை வைத்திருந்தாள். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு இப்போதைய வீட்டுக்கு வந்தபோதும் பால் காய்ச்சித்தான் குடிபுகுந்தோம். வாடகை வீடானால் என்ன, பொங்கி வழிந்தால்தான் அவளுக்குத் திருப்தி.

மற்ற இரண்டு பெண்களும் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றார்கள். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்கா இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். கதவைத் திறந்துவிட்டு, குளிர்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். மாணவர் வீடுகளுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த தீப்பாதுகாப்பு விதிகளாம். அடுப்பு கூடாது. மெழுகுவர்த்தி, விளக்கு, சூடம், சாம்பிராணி கூடாது. தண்ணீர் கொதிக்க வைக்க மின்சாரக் கெட்டல் மட்டும் வைத்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டு அக்கா தம் வீட்டுக்குப் போய்விட்டார்.

விளக்கு ஏற்றாத வீட்டில் பிள்ளையை எப்படி விடுவது என்று எனக்குச் சங்கடம். மகள் முருகன் படத்தை மேசைமேல் வைத்து, பக்கத்தில் பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கைத் தட்டிவிட்டாள். கும்பிட்டுக்கொண்டேன். அரைமனதுதான்.

மனைவி கெட்டலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, அடுப்புதானே கூடாது என்று சொல்லி, பாலை அதில் ஊற்றினாள். மூடினால் பொங்குமுன் தானாக அணைந்துவிடும் என்று மூடியையும் திறந்தே வைத்தாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் பால் பொங்க வேண்டும் என்றுதான் இருந்தது. கெட்டல், சமையல்கட்டுக்குப் போகிற வழியில், நீட்டு வயர்க்கட்டையில் செருகியிருந்தது. நாங்கள் ஐந்து பேரும் உள்ளே, சமையல்கட்டில் நின்றோம்.

பால் பொங்கியது. நுரை விளிம்பைத் தாண்டியதும் மனைவி கைகூப்பினாள். வழிந்த பால் கெட்டலின் அடித்தட்டில் இறங்கி, அங்கிருந்து வயர்க்கட்டைக்குள் போனது. பட்டென்று ஒரு சத்தம், நீலமாய் ஒரு பொறி. வீட்டில் மின்சாரம் போயிற்று. பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தோடு புகை எழுந்தது. முன்கதவுக்குப் போகிற வழியே அதுதான். பெண்கள் மூவரும் பின்கதவைப் பார்த்து ஓடினார்கள்.

பின்கதவு திறந்தது. அதற்கு வெளியே இரும்பு கிரில். கிரிலில் ஒரு மாங்காப் பூட்டு.

சாவி எங்கே என்று கேட்டேன். அக்காவிடம் இருக்கிறது என்றாள் மகள். அவள் கை கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

புகை அதற்குமேல் வளரவில்லை, முருகன் புண்ணியம். காய்ந்த துணியைக் கையில் சுற்றி வயர்க்கட்டையைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஒரு கறுப்பு வடு, கருகிய பால் வாசம், அவ்வளவுதான். மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பூட்டை. கம்பிக்கு வெளியே, இரண்டு கை தூரத்தில் வெளிச்சமும் பின்சந்தும், பக்கத்து வீட்டுத் துணிக்கொடியும் தெரிகின்றன. போகத்தான் முடியாது.

சத்தம் கேட்டு அக்கா வந்தார். பால் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். திட்டட்டும், வாங்கிக்கொண்டோம். பிறகு சாவியைக் கேட்டேன்.

"போன வருசம் பக்கத்து வீட்ல பின்னால வழியா வந்து லேப்டாப்ப தூக்கிட்டுப் போயிட்டானுங்கண்ணே. சாவிய இங்க மாட்டுனா கம்பிய விட்டு எடுத்துருவானுங்க லா."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக் கிரிலிலும் பூட்டுதான் தொங்குகிறது. எங்கள் ஊரில் நெருப்புக்குப் பயந்து பூட்டைக் கழற்றியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. திருடனுக்குப் பயப்படாமல் திறந்து போட்டவரையும் பார்த்ததில்லை.

மகள் போய் அந்தத் தாளைக் கிழியாமல் எடுத்துக்கொண்டு வந்தாள். மலாயில் எழுதியிருந்த கடைசி வரியைக் காட்டினாள். வெளியேறும் வழியில் 'ஹாலாங்கான்' இருக்கக் கூடாது என்று இருந்தது. தடை.

"செருப்பு, பெட்டி வைக்கக் கூடாதுன்னுதான் நெனச்சோம்பா," என்றாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் அக்கா. பிறகு மெல்ல, "பூட்டும் ஹாலாங்கான்தானே," என்று தமக்கே சொல்வதுபோல் சொன்னார்.

"திருடன் வந்தா லேப்டாப் போகும் அக்கா," என்றேன். "நெருப்பு வந்தா?"

அக்கா இடுப்புக் கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றித் தந்தார். கிரிலிலிருந்து கம்பி எட்டாத சுவராகப் பார்த்து, தோள் உயரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். மகளைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கச் சொன்னேன். புகை மண்டினால் கண் தெரியாது.

"என்னப்பா, பரீட்சையா?"

"திற."

சுவரைத் தடவிச் சாவியைப் பிடித்தாள். பூட்டின் துவாரம் அகப்படவில்லை. சாவி கீழே விழுந்தது. கூட இருந்த பெண் ஒருத்தி, "அங்கிள், பெயிலா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை என்றேன். இந்தத் தடவை இடது கையால் முதலில் பூட்டைப் பிடித்தாள், பெருவிரலால் துவாரத்தைத் தேடினாள், சாவி நுழைந்தது. கிரில் கிறீச்சிட்டுத் திறந்தது. கண்ணைத் திறக்காமலே படியிறங்கிச் சந்தில் போய் நின்றாள்.

சிரித்த பெண் கிரிலைப் பூட்டி, சாவியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுத் தானும் கண்ணை மூடினாள். அவளுக்குப் பின்னால் மற்றவள். மூவரும் சந்தில் நின்ற பிறகு, மனைவியைப் பார்த்துக் கிளம்பலாம் என்றேன்.