ஜனாதிபதி குறைத்த ஒரு வயது

ஆறாம் வகுப்பில் போஸ்டர் செய்ய ஆளுக்கொரு அமெரிக்க ஜனாதிபதியைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். எனக்கு வந்தவர் இருபத்தோராவது. அவருடைய பெயர் எங்கள் ஆசிரியைக்கே சட்டென்று வாயில் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது.

வாசிக்க வாசிக்க ஆளைப் பிடித்துப்போயிற்று. கட்சிக்காரருக்கு வேலை பிடித்துக் கொடுத்தே மேலே வந்தவர். அப்போதைய ஜனாதிபதி சுடப்பட்டு இறந்ததும், துணை ஜனாதிபதியாக இருந்த இவர் அந்தக் கதிரையில் ஏறினார். ஏறியவர், சிபாரிசுக்கு வேலை கொடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கே கையெழுத்துப் போட்டார். எனக்கு இனித்தது வேறொன்று. தன் வயதில் ஒரு வருடத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். குடும்ப பைபிளில் எழுதியிருந்த வருடம்தான் பிறகு ஆளைக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் பைபிள் இல்லை; சாமி அலுமாரியில் சாதகக் கட்டு இருந்தது. துப்பறியும் ஆசையில் பிரித்துப் பார்த்தேன். அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்த மாமாவின் சாதகத்தில் ஒரு வருடம் இடித்தது. மாமா அகதியாகப் படகில் வந்தவர். விசா இன்டர்வியூவுக்காகக் காத்திருந்தார். குசினிக்குள் நின்று தினமும் பிறந்த திகதியை ஆங்கிலத்தில் பாடமாக்குவார். அவர் சொல்லும் வருடம் வேறு. ஒரு பிசகு வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். அந்தப் பயம் எனக்கு மட்டும் ஒட்டவில்லை.

போஸ்டரின் அடியில் எழுதினேன்: ‘என் மாமாவுக்கும் ஜனாதிபதியைப் போல இரண்டு பிறந்த வருடங்கள்.’ மறுநாள் அது பள்ளி மண்டபத்தில் தொங்கவேண்டியது. அம்மா வாசித்தார். கத்தரிக்கோலை எடுத்து அந்த வரியை வெட்டினார். நான் குழறி அழுதேன்.

மாமாதான் பக்கத்தில் வந்து இருந்தார். “அந்த மனுசன்ரை விசயம் எப்ப பிடிபட்டது?”

“செத்து கனகாலத்துக்குப் பிறகு மாமா. பட், உயிரோட இருக்கேக்க, கனடாவில பிறந்த ஆள், ஜனாதிபதியா வரேலாது எண்டு எதிராளிகள் சொன்னவை.”

“அதுக்கு என்ன பேப்பர் காட்டினவர்?”

தெரியவில்லை. ஓடிப்போய்த் தேடிப் பார்த்துவிட்டு வந்தேன். “அது கிடைக்கேல்ல. சாகிறதுக்கு முதல் பேப்பரெல்லாம் எரிக்கச் சொன்னவராம்.”

“ஓம், அது நல்ல யோசனைதான்,” என்றார் மாமா. என் ஜனாதிபதியைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாருமே கேட்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை சாதகக் கட்டில் மாமாவுடையது மட்டும் இல்லை. கலியாணம் பேசக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். வரப்போகும் மாமி எப்படி இருப்பா என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.