படுத்திருக்கும்போது விழாதவள்

இதயப் பிரிவில் ஈசிஜி எடுப்பவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பட்டாசு என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் அப்படி. பதினொரு வருடமாக மற்றவர்கள் நெஞ்சில் ஒயரை ஒட்டிக்கொண்டிருந்தவள் அந்த வருடம் மூன்று முறை மயங்கி விழுந்தாள். இரண்டு முறை பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது. மூன்றாவது முறை, வீட்டில் நாத்தனாரோடு சண்டை உச்சத்தில் இருந்தபோது.

"வாயில ஜெயிக்க முடியலன்னா விழுந்துடுவா," என்றாள் நாத்தனார். புருஷன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அவளுடைய ஈசிஜியைப் பார்த்த டாக்டர், "சுத்தமா இருக்கும்மா. மனசுதான் காரணம்," என்று சொல்லி, கோப்பில் 'மனப்பதற்றம்' என்று எழுதினார்.

"படுக்க வெச்சு எடுத்தா அப்படித்தான் வரும் சார். நான் படுத்திருக்கும்போது விழல. ஓட விட்டுப் பாருங்க."

"தேவையில்ல."

"நீங்க எழுதித் தர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

வெளியே நோயாளிகள் வரிசை நீண்டது. தொல்லை விட்டால் போதுமென்று டாக்டர் சோதனைக்கு எழுதி, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சோதனையின்போது கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

டிரெட்மில் மூன்றாம் வேகத்துக்குப் போனது. மூச்சு வாங்க ஓடிக்கொண்டே அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. கோடுகள் திடீரென்று குதிக்கத் தொடங்கின.

"ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. பாத்தீங்களா சார்?" என்றவளுக்கு முழங்கால் மடிந்தது. டாக்டர் பாய்ந்து வந்து மெஷினை நிறுத்தினார். நர்ஸ் தாங்கிப் பிடித்தாள்.

அவள் தெளிந்ததும் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதயத் தசையில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கால்சியம் சேத்து வெச்ச பை ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேருந்து கொஞ்சம் கால்சியம் உள்ள வந்து அதைத் தொடும். உடனே அந்தப் பையோட வாய் திறந்து கால்சியம் கொட்டும், தசை சுருங்கும். அப்புறம் வாய் மூடிக்கும், கால்சியம் பைக்குத் திரும்பிடும், தசை தளரும். உனக்கு அந்த வாய் பிறவியிலேயே சரியா மூடாது போல. ஓடும்போதும் கோபத்துலயும் அட்ரினலின் ஏறும். அப்போ ரெண்டு துடிப்புக்கு நடுவுல கால்சியம் கசியுது. அந்தக் கசிவுதான் பொய்த் துடிப்பைக் கிளப்பி விடுது. துடிப்பு தாறுமாறாகி மூளைக்கு ரத்தம் போகாம மயங்கி விழற. ரத்தத்துல மரபணுவைப் பாத்தா உறுதியாயிடும்."

"பெரிய ஆபத்தா சார்?"

"ஆபத்துதான். மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. ஓட்டம் வேண்டாம்." கோப்பை எடுத்தார். "நான் தப்பா சொல்லிட்டேன்மா."

"சொன்னா போதாது சார். கோப்புல அடிச்சு எழுதுங்க."

அடித்தார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. செய்தி வீட்டுக்கு வந்ததும் நாத்தனார், "இனிமே கோபப்படக் கூடாதாமே, நல்லதாப் போச்சு," என்றாள்.

"ஓடத்தான் கூடாது அண்ணி. பேசலாம்."

பிள்ளைக்கும் வரக்கூடிய மரபணுக் குறை என்பதால், அடுத்த வாரம் மகளையும் பரிசோதனைக்கு அழைத்துப் புறப்பட்டாள். "நல்லா ஓடியாடுற பொண்ணை ஏன் நோயாளி ஆக்குற?" என்று புருஷன் வாசலில் மறித்தான். அவனைத் தள்ளிவிட்டுப் போனாள். மகளுக்கும் அதே குறை இருந்தது. அந்தப் பெண் ஒரு முறைகூட விழாமலே மாத்திரையைத் தொடங்கினாள்.