முதுகில் ஒரு கோடா, ரெண்டு கோடா?

ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும் ரெண்டு பூச்சிகளை நீட்டி “இது எது, அது எது?” என்று கேட்டால் உடனே பதில் சொல்வதுதான் என் வேலை. பருந்து அந்துப்பூச்சி என்று ஒரு குடும்பம்; விரல் பருமன், விமான வேகம். கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் அவற்றைக் கணக்கெடுக்கும் குழுவில் நான் உதவியாளர். இரட்டைக் குழந்தைகளின் வகுப்பாசிரியர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

நிச்சயத்துக்கு வந்த விருந்தாளி

தியாகதுருகம் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் மறுநாள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். சுவரில் ஒரு பூச்சி. அதன் முதுகில் மண்டையோடு போல ஒரு படம். தொட்டால் கீச்சென்று கத்துகிறது. ‘எமன் ஆளு அனுப்பிட்டான், தேதியை மாத்து’ என்று உறவுக்காரர்கள் பிடிவாதம். நான் போனபோது பெண் அழுதுகொண்டிருந்தாள்.

மண்டையோட்டுப் பூச்சியில் ரெண்டு வகை உண்டு. பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அடிவயிற்றில் கறுப்புப் பட்டை இல்லை, வெறும் மஞ்சள். எள்ளுச் செடியில் வளர்கிற வகை. “எள்ளு போட்டிருக்கீங்களா?” என்றேன். வீட்டுக்குப் பின்னாலேயே அரை ஏக்கர். போய் இலையைப் புரட்டினால், வாலில் கொம்போடு கொழுத்த புழுக்கள். விவசாயி உறவுக்காரர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “எமன் இன்னாத்துக்கு அனுப்பப் போறான்? நம்ம கொல்லையில தின்னு வளர்ந்தது நம்ம வூட்டுக்கு வந்திருக்குது. பந்தக்காலை நடுங்கடா!”

கண்ணாடிச் சிறகு

மலைமேல் கரியாலூரில் பட்டப்பகலில் ஒன்று பூவுக்குப் பூ தாவியது. இறகு கண்ணாடி மாதிரி, இடுப்பில் பட்டை. குளவியேதான் என்று எல்லோரும் ஓடினார்கள். வால் நுனியில் விசிறி மாதிரி மயிர்க்கொத்து இருந்ததைக் கவனித்து, உள்ளங்கையில் ஏந்திக் காட்டினேன். “இதுவும் அந்துப்பூச்சிதான், கொட்டாதுங்க!” தண்ணீர் எடுக்க வந்த அக்கா தள்ளியே நின்று கேட்டார்: “ஒனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியுமா?”

நடு முதுகு

குழுத் தலைவர் பேராசிரியர். ஒரு பெட்டிப் பூச்சிகளுக்கு மொத்தமாக ஒரே பேர் எழுதிவிட்டார். எல்லாவற்றுக்கும் முதுகில் ரெட்டை வெள்ளிக்கோடு. ஒன்றுக்கு மட்டும் ஒரே கோடு. அது வேறு இனம் என்றேன். நான் படித்தது ப்ளஸ் டூ வரைதான்.

“பறந்து பறந்து செதில் உதிர்ந்திருக்கும்மா. ரெண்டுல ஒண்ணு அழிஞ்சிருக்கு.”

“அழிஞ்சிருந்தா மிச்சம் ஒண்ணு ஓரமா இல்ல சார் இருக்கணும்? இது நட்டநடு முதுகுல போய்க்கினு இருக்குது.”

லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தான் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். “இனத்தோட பேரை நீங்களே எழுதுங்க. கீழே ‘அடையாளம் கண்டவர்’னு ஒரு எடம் இருக்கு பாருங்க, அங்க உங்க பேரை எழுதுங்க.”

இப்போது எங்கள் ஊர் களமருதூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முதல் எல்லோரும் என்னைப் ‘பூச்சிக்காரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அடையாளம் சரியாக இருப்பதால் நானும் திருத்துவதில்லை.