ரத்தினம் அண்ணரின் இருபத்தைந்து வருட விஸ்கி

சென்ற வியாழக்கிழமை காலை ஆபீசில் வாய்ஸ்மெயிலைப் போட்டதும் ரத்தினம் அண்ணரின் மனைவி ராணி அக்காவின் குரல். "தம்பி, அவர் விடியப்புறம் போயிட்டார். நெஞ்சு நோகுது எண்டவர். ஆம்புலன்ஸ் வர முன்னமே எல்லாம் முடிஞ்சுது." ஹூஸ்டனை ஒட்டிய இந்தக் கேட்டி வட்டாரத்தில் நம்மில் பலருக்கு அண்ணரைத் தெரியும். கடைசி ஐந்து மாதம் நான் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை என்பது சிலருக்குத்தான் தெரியும். அதை மறைத்து அஞ்சலி எழுதினால் அது பித்தலாட்டம்.

அண்ணர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹூஸ்டனுக்கு வருமுன் ஸ்காட்லாந்தில், ஓர் ஆற்றோரத்துச் சின்ன விஸ்கி ஆலையில் பாய்லர் எஞ்சினியராக இருந்தவர். பார்லியை முளைக்கவைத்து உலர்த்துவதையும், பானை வயிற்றுச் செப்புக் கலன்களில் இருமுறை காய்ச்சி வடிப்பதையும் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோலச் சொல்வார். வியாபாரம் படுத்து ஆலையை மூடிய நாளில், கால் நூற்றாண்டு ஓக் பீப்பாயில் கிடந்த விஸ்கியை வேலையாட்களுக்கு ஆளுக்கொரு போத்தில் கொடுத்தார்களாம். "பீப்பாய்க்குள்ள இருக்கும்வரைதான் அதுக்கு வயது ஏறும் தம்பி. போத்திலுக்குள்ள போனால் அப்பிடியே நிண்டுடும்" என்பார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் கராஜில், புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், இரண்டு மடக்கு நாற்காலிகள். சாதாரண விஸ்கிதான். முதல் நாள் நான் கோக் டின்னை உடைத்ததும், "கோக் ஊத்திறதெண்டால் எழும்பி வீட்டை போம்" என்றார். நான் கோக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஏழு வருடம் உட்கார்ந்தேன். லே-ஆஃபில் வேலை போனபோதும், அப்பா இறந்து ஊருக்குப் போக முடியாமல் விசா சிக்கிக்கொண்டபோதும் அந்த நாற்காலியில்தான் அழுதேன். "உம்மட கிரீன் கார்டு வரட்டும், அந்தப் போத்திலைத் திறப்பம்" என்று அவராகத்தான் சொன்னார்.

கிரீன் கார்டு வந்தது. அதற்கு முந்தின வாரம் ஈரோட்டிலிருந்து அம்மாவும் ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். பார்ட்டியன்று அண்ணர் இஸ்திரி போட்ட சட்டையில், போத்திலைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோலக் கொண்டுவந்தார். அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, கூட்டத்தின் நடுவில் சத்தமாகச் சொன்னேன்: "நம்ம வீட்ல இதெல்லாம் பழக்கமில்லைங்களே."

அண்ணர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "இது வேறை ஒரு ஆளுக்குக் குடுக்கிறதம்மா. காருக்குள்ள வெயில் எண்டு தூக்கிக்கொண்டு வந்திட்டன்" என்றார். போத்திலைக் காரில் வைத்துவிட்டு வந்து, சாப்பிட்டு, எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனார்.

மறுநாளே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை. அம்மா ஊருக்குப் போகட்டும், சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று வாரத்தை வாரம் தள்ளினேன். அவர் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் 'பிஸி' என்றேன்.

இறுதிச் சடங்குக்கு அம்மாவும் பிடிவாதமாக வந்தார். ராணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போத்திலை அவர் திறக்கேல்லை. அம்மா போனாப்பிறகு நீங்கள் வருவீங்கள் எண்டு வைச்சிருந்தவர்" என்றார்.

திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் வைத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "துணியில சுத்தி வெச்சா தெரியாதா கண்ணு? உங்கப்பன் கொண்டாராததா? அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா நானே முறுக்கு எடுத்து வெச்சிருப்பேன்" என்றார்.

ஏழு வருட வெள்ளிக்கிழமைகளில் அண்ணர் பொய் பேசி நான் கேட்டதில்லை. என் மானத்தைக் காப்பாற்ற என் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னதுதான் நான் அறிந்த ஒரே பொய். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

எங்கள் வீட்டுக் கராஜில் காரை நிறுத்தியபோது அம்மா மறுபடி பேசினார். "பாவம், அந்த மனுசனுக்குப் பொய் சொல்லவே வரலை. உனக்குத்தான் நல்லா வந்துச்சு."