நிலம் இல்லை என்று எழுதிய கை

அத்தையின் நிலத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை நட்டுவிட்டார்கள் என்று ஃபோன் வந்தபோது நான் கம்பெனியில் இரண்டாவது ஷிப்டில் இருந்தேன். தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. ஒரு பாகம் அளவில் இம்மி கூடினாலும் குறைந்தாலும் தூக்கித் தனியே போட்டுவிடுவேன். அளவு சரியில்லாததைச் சரி என்று எழுதச் சொன்ன சூப்பர்வைசரோடு சண்டை போட்டு இரண்டு முறை மெமோ வாங்கியிருக்கிறேன். என் நேர்மையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணமாகி இரண்டாம் வருடமே கணவரை இழந்து, பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவர். ஆரம்பாக்கத்துக்கு இந்தப் பக்கம், தொழிற்பேட்டையின் கடைசிச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு ஏக்கர் இருபது சென்ட். அதில் நெல்லும், தண்ணீர் இல்லாத பட்டத்தில் வேர்க்கடலையும் வைத்து, எழுபது வயதிலும் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறார். பிள்ளை குட்டி கிடையாது, பென்ஷன் கிடையாது. அந்த நிலம் போனால் அவருக்குச் சோறு கிடையாது.

கல் நட்டது குடோன் கட்ட வந்த ஒரு கம்பெனி. ஊரில் வசதியான ஒரு குடும்பத்திடம் கிரயம் வாங்கியிருந்தார்கள். பட்டா அந்தக் குடும்பத்தின் பெயரில் இருந்தது. எப்படிப் போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பழைய கணக்கைப் புதுக் கணக்காக மாற்றி எழுதிய காலத்தில் பெயரும் மாறியிருக்கிறது. எங்கள் ஆட்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஏர் நம் கையில் இருக்கும்போது காகிதத்தில் என்ன இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அத்தை கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தார். மூன்று வாரத்தில் விசாரணை என்று தேதி போட்டார்கள். மனுவை வாங்கிய எழுத்தர் நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

“உங்க தாத்தாவுக்கு சர்க்கார் குடுத்த பஞ்சமி நிலம்னு எழுதிகிறீங்க. அது நெஜம்னா வெளியாளு வாங்குனது செல்லாது. ஆனா ரெண்டு ஆதாரம் வேணும்மா. அவருக்குக் குடுத்தாங்கன்றதுக்கு ஒண்ணு. அவர் வாரிசு நீங்கதான்றதுக்கு ஒண்ணு. வாயால சொன்னா எடுபடாது.”

வெள்ளைக்காரர் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று ஒதுக்கிக் கொடுத்த தரிசுக்குத்தான் பஞ்சமி என்று பெயர். திருத்திப் பயிர் வைக்க வேண்டும், வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை. அத்தையின் தாத்தா, எனக்குப் பூட்டன், அதைத் திருத்தியவர். அவரைப் பற்றி அத்தைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

“பனங்காட்ட வெட்டி, வேரப் பேத்து, மொத மொத ஏர் கட்டுனது எங்க தாத்தா. அதுக்கு முன்ன அது நரி ஓடுற எடம். எந்த வருசம், எந்த ஆபீசுன்னு என்னக் கேட்டு பேஜார் பண்ணாத.”

தேட வேண்டியது நான். அத்தைக்குப் படிக்க வராது, அம்மா இந்த விஷயத்தில் தலையிடவே இல்லை. “எதுக்குடி பழசெல்லாம் கிளறிக்கினு” என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பயந்த சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பூட்டன் பெயர் இருக்கும் என்று நம்பி முதலில் சென்னைக்குப் போனேன். வீடு வீடாக வந்து எழுதிக்கொண்டு போகிறார்களே, அந்தத் தாள்கள் எங்கேயாவது இருக்குமல்லவா. நூலகத்தில் இருந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எண்ணி முடித்ததும் தாள்களை வைத்துக்கொள்வதில்லை, தொகை மட்டும்தான் மிஞ்சும் என்றார். ஆனாலும் ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஊர் ஒரு வரியில் இருந்தது. எத்தனை வீடு, எத்தனை ஆண், எத்தனை பெண். அந்த எண்களில் ஏதோ ஒன்று என் பூட்டன். விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் லீவு போட்டு வந்ததற்கு ஒன்றுமில்லை என்ற கோபத்தில் மதியம் சாப்பிடக்கூட இல்லை.

வாரிசு ஆதாரம் எங்கள் தேவாலயத்தில் கிடைத்தது. ஞானஸ்நானப் பதிவேட்டை வெளியே தர மாட்டேன் என்று பாதிரியார் முதலில் கண்டிப்பாகச் சொன்னார். விசாரணை நோட்டீஸைக் காட்டியதும் மேஜையில் வைத்துப் பார்க்க விட்டார். பூட்டனின் பிள்ளைகள் ஐந்து பேரும் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராகத் தகப்பன் பெயர், தகப்பன் தொழில். மூத்த இரண்டு பிள்ளைகளுக்கு நேரே ‘பண்ணையாள்’ என்று இருந்தது. மூன்றாவதற்கு ‘கூலி’. நான்காவது பிள்ளைதான் என் தாத்தா. அங்கே ‘பயிரிடுகிறவர்’ என்று எழுதியிருந்தது.

அதே ஆள், அதே ஊர். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் அவர் காட்டை வெட்டியிருக்கிறார். ஒருவன் பண்ணையில் மாடாய் உழைத்துவிட்டு, மீதி நேரத்தில் பனைவேரைத் தோண்டி, அடுத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வரும்போது தொழில் என்ன என்று கேட்டால் பயிரிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதிரியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பாக்கி இருந்தது நிலத்தின் பழைய பதிவேடு. அது திருவள்ளூரில், மாவட்டப் பதிவறையில். நகலுக்கு எழுதிப் போட்டுவிட்டு மூன்று முறை அலைந்தேன். ஆள் இல்லை, சாவி இல்லை, கட்டு கிடைக்கவில்லை என்று மூன்று முறையும் மூன்று பதில். விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். அன்றைக்கு நைட் ஷிப்ட் முடித்து, நாஷ்டா கூடச் சாப்பிடாமல் சென்னை போய் அரக்கோணம் ரயிலில் ஏறினேன். உட்கார்ந்ததுதான் தெரியும். கண் விழித்துப் பார்த்தால் கடம்பத்தூர். திருவள்ளூர் தாண்டிப் போய்விட்டது.

பிளாட்பாரத்தில் நின்று என்னை நானே திட்டிக்கொண்டேன். எதிர்த் திசை ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. சனி, ஞாயிறு ஆபீஸ் கிடையாது, திங்கள் விசாரணை. வெளியே ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். அவன் கேட்ட பணத்துக்கு மறுபேச்சு பேசவில்லை. பதிவறையில் போய் நின்றபோது எனக்கு மூச்சு வாங்கியது. நகல் தயாராக இருந்தது.

சர்வே எண், விஸ்தீரணம், பூட்டன் பெயர், அவருடைய தகப்பன் பெயர். குறிப்புக் கட்டத்தில் ‘தரிசு, பனைகளும் புதரும்’ என்று இருந்தது. அடுத்து நிபந்தனை. முத்திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று அத்தைக்கு ஃபோன் செய்தேன். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை கோட்டாட்சியர் எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குத் தெம்பு வந்தது. அப்போது எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். சத்தம் போடவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. ஒரே ஒரு தாளை நீட்டினார்.

“இந்த அம்மாவோட தம்பி, அதாவது இவங்க நைனாவுக்கு ஒரே ஆண் வாரிசு, இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டுக் குடுத்த வாக்குமூலம் சார். எனக்கோ என் குடும்பத்தாருக்கோ எந்த நிலமும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. இவங்க குடும்பம் அங்க பயிரே வைக்கலைன்னு இவங்களே சொன்னதுதான் இது. இந்தம்மா அதுக்கப்புறம் வந்த ஆக்கிரமிப்பு.”

இலவச மனை நிலமற்றவர்களுக்குத்தான். நான் பிறந்து வளர்ந்த, இன்றும் அம்மாவோடு குடியிருக்கிற வீடு அந்த மனையில்தான் நிற்கிறது. அப்பா செத்து மூன்று வருடம் ஆகிறது. கேட்க ஆளில்லை.

அத்தை தாளைப் பார்க்கக்கூட இல்லை. “இது என் தம்பி போட்டது இல்ல சார்” என்றார். “அவன் இப்புடி எழுதிக் குடுக்கமாட்டான். சத்தியமா குடுக்கமாட்டான்.”

வக்கீல் சிரித்தார். கோட்டாட்சியர் தாளை என் பக்கம் திருப்பினார். “நீங்க படிச்சவங்க. உங்கப்பா கையெழுத்தா, இல்லையா? பார்த்துச் சொல்லுங்க.”

முதல் எழுத்தின் வால் கீழே நீண்டு வளைந்து பெயரையே சுற்றி வந்தது. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் என் ரேங்க் கார்டுகளில் பார்த்த அதே கையெழுத்து. சந்தேகத்துக்கே இடமில்லை. அத்தை என்னையே பார்த்தார். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேஸுக்காகப் பொய் சொல்கிறார், என்னையும் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேண்டாத கோபம் ஒன்று எனக்குள் எழும்பியது. அத்தை மேல் பாதி, அப்பா மேல் மீதி. பூட்டன் ரத்தம் சிந்தி வாங்கியதை ஒரு மனைக்காக இல்லை என்று எழுதிக் கொடுக்க அந்த மனிதருக்கு எப்படி மனசு வந்தது?

“அப்பா கையெழுத்துதான் சார்” என்றேன். “ஆனா அவர் எழுதினது பொய். நிலம் அப்பவும் எங்ககிட்டதான் இருந்தது.”

“அதை எழுத்துல குடுங்க” என்றார்.

எழுதினேன். என் தகப்பனார் பொய்யான வாக்குமூலம் அளித்துள்ளார் என்று, எழுத்துப் பிழை இல்லாமல், அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோட்டாட்சியர் வாங்கிப் படித்துவிட்டு யோசித்தார். பழைய பதிவு உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் குடும்பத்தின் வாக்குமூலம் எதிராக இருக்கிறது, பொய் சொல்லி வாங்கிய மனை என்றால் அதையும் விசாரிக்க வேண்டும் என்றார். இருபது நாள் தள்ளி வைத்தார்.

ஷேர் ஆட்டோவில் அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்தார். “பேப்பர நம்புன. என்ன நம்பல” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அப்பாவைத் திட்டினேன். செத்துப்போன மனிதரை எவ்வளவு திட்டலாமோ அவ்வளவு திட்டினேன். வாக்குமூலம் என்ற இடம் வந்ததுமே அம்மாவின் கை நின்றுவிட்டது. நான் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

“போதும் நிறுத்துடி” என்றாள். “அது உங்கப்பா போட்டது இல்ல. நான் போட்டது.”

எனக்குப் புரியவில்லை.

“மனை குடுக்குறாங்கன்னு வந்து சொன்னாங்க. அந்த வருசம் மழையில குடிசை ஊந்துபோச்சி. நீ கைக்கொழந்த, உனக்கு ஜொரம். நெலம் இல்லன்னு எழுதிக் குடுத்தாதான் மனைன்னாங்க. அவரு முடியாதுன்னுட்டாரு. எங்க தாத்தா பனங்காட்ட வெட்டி எடுத்த நெலத்த இல்லன்னு என் கையால எழுதமாட்டேன், மழையிலயே கெடப்போம்னாரு. நான் எழுதவச்சி, அவரு பேரப் போட்டுக் குடுத்துட்டேன்.”

“ரேங்க் கார்டுல இருந்த கையெழுத்து…”

“அவரு எப்ப ஊட்ல இருந்தாரு? விடியக்காலைல லோடு அடிக்கப் போய்க்கினு இருப்பாரு. அதுவும் நான்தான். அவரு கையெழுத்த நீ எப்ப பார்த்த?”

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததே இல்லை.

பட்டா வந்த அன்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதாம். ஒன்றும் கேட்கவில்லையாம். மூன்று நாள் அம்மா கையால் சாப்பிடவில்லை. நாலாவது நாள் அந்த மனையில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்திருக்கிறார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா பொய் சொல்லவில்லை. அவரைப் பொய்யர் என்று சர்க்கார் கோப்பில் எழுதி வைத்திருப்பது நான். அதைத் திருத்த வேண்டுமானால் என் அம்மா கள்ளக் கையெழுத்துப் போட்டாள் என்று எழுத வேண்டும். திருத்தாவிட்டால் அத்தை நிலம் நிற்காது. எப்படி எழுதினாலும் என் கைதான் எழுத வேண்டும். அழுதேன். அம்மா என்னைத் தேற்றவில்லை.

முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“பேப்பர் எடு” என்றாள். “நான் சொல்றேன், நீ எழுது. என் பேரப் போட்டு எழுது. ஊடு போனா போவுது. அவரப் பொய்யராக்கி வைக்காத.”

நான் எடுக்கவில்லை. அவளே எழுந்து போய் எடுத்து வந்தாள்.