பதினாறு வருஷத்துக்கு ஒரே ஒரு வரி

கோவில்பட்டியில் செல்போன் பரவத் தொடங்கியிருந்த காலம். புதியம்புத்தூர்க்காரர் ஒருவர் எங்கள் ஊரில் ரெடிமேட் துணி தைக்கும் யூனிட் திறக்கப்போவதாகவும், பெண்களை மேற்பார்வை பார்க்க ஆள் வேண்டுமென்றும் கேள்விப்பட்டேன். நான் வேலைபார்த்த தீப்பெட்டி ஆபீசில் மெஷின் வந்துவிட்டதால் எங்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. சரி, மனு எழுதிப்போடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன்.

'தீப்பெட்டி ஆபீசில் பதினாறு வருடம் வேலை பார்த்த அனுபவம் உண்டு' என்று எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை.

வெளியே பருத்தி எடுத்து முடித்த கரிசல்காடு வெடித்துக் கிடந்தது. செடியில் விடுபட்ட பஞ்சு காற்றில் எழும்பி, எங்கே இறங்குவதென்று தெரியாமல் அலைந்தது. அதைப் பார்த்தபடியே கண் சொருகியது. பெட்டிக்குள் குச்சி அடைக்கிற கைகள் வரிசையாகத் தெரிந்தன. யாருடைய கை என்று முகம் பார்க்காமலே சொல்லிவிடுவேன். யாரோ பாடுவதும், யாரோ சிரிப்பதும் தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. பதினாறு வருஷமும் ஒரே நீண்ட பகலாகத் தோன்றியது. அதில் எதைப் பிரித்து எழுதுவது?

பக்கத்து வீட்டு மதினி வந்து எழுப்பினாள். பெட்டி அடைப்பில் எனக்கு அடுத்து உட்கார்ந்தே பல வருஷம் வேலை பார்த்தவள். தாளை எடுத்துப் படித்தாள்.

"இம்புட்டுத்தானா ஏட்டி? ஓலைப்பாயில உக்காந்திருந்தேன்னு எழுதுன மாதிரில்லா இருக்கு."

"வேற என்னத்த எழுத, மதினி? பொட்டி அடைச்சேன். பெறவு அடைக்கவங்களப் பாத்துக்கிட்டேன்."

"தீப்பிடிச்சத எழுதுனியா?"

எழுதவில்லை. அது நினைவுக்கே வரவில்லை.

ஒரு சித்திரை மாதம். மேல்காற்று அனலாக அடித்த மத்தியானம். மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைக் காயவைக்கிற அறை எங்கள் கொட்டகையை ஒட்டி இருந்தது. அங்கிருந்து லேசாக ஒரு கருகல் வாடை வந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை. "எல்லாரும் அப்படியே போட்டுட்டு வெளிய வாங்க" என்றேன். சிலர் சிரித்தார்கள். மாசமாக இருந்த ஒரு பெண் எழுந்திருக்கச் சங்கடப்பட்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உடைமர நிழலுக்குப் போனபிறகுதான் கூரை குப்பென்று பற்றியது. யாருக்கும் ஒரு காயம்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து அடுத்த கொட்டகையில் பழையபடி வேலை தொடங்கியது. யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு நீ இல்லன்னா இன்னைக்கு நான் இங்கன நின்னு பேசமாட்டேன்" என்றாள் மதினி. "அத எழுது மொதல்ல."

எழுதினேன். அதை எழுதியதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. வானம் மப்பு போட்டால் எந்தக் குச்சி காயாது என்று முன்கூட்டியே சொன்னது, புதிதாக வந்தவர்களுக்குக் கைப்பழக்கம் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்தது, சண்டை போட்ட இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைத்தது. தாள் நிறைந்தபோது வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல் இருந்தது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது.

யூனிட்டில் கூப்பிட்டார்கள். புதியம்புத்தூர்க்காரர் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தீ வராம போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"திரும்ப உள்ள போயி வேலையப் பாத்திருப்போம் அண்ணாச்சி. எல்லாரும் என்னைய ஏசியிருப்பாங்க."

அவர் சிரித்தார். "ஒங்க மொதலாளிகிட்ட ஒரு கடுதாசி மட்டும் வாங்கிட்டு வாங்க."

அதற்குத்தான் பயந்தேன். போகிறேன் என்று எப்படிச் சொல்வது? யூனிட்டிலிருந்து திரும்ப வாங்கி வந்த தாளையே நீட்டினேன். முதலாளி அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதி மடித்துக் கொடுத்தார்.

"இத நான் அன்னைக்கே எழுதிக் குடுத்திருக்கணும்மா" என்றார்.

அடுத்த மாதம் வேலையில் சேர்ந்தேன். முதல் வாரம் முழுக்கத் தையல் மெஷின் சத்தம் காதுக்குள் மழைபோலப் பெய்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போதும் அது நிற்கவில்லை.