நல்ல தண்ணீரில் குளித்த விமானம்

போன மாதம் துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனபோதுதான் முதன்முதலாக விமானத்தில் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண், "பயமா இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். ஒன்பது வயதிலேயே ஏறியிருக்க வேண்டியவள் நான் என்று அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

எங்கள் மாமாவிடம் சொந்தமாக ஒரு விமானம் இருந்தது. உம்மாவின் அண்ணன் அவர். சங்கு வியாபாரத்தில் வசதியானவர். மற்ற வியாபாரிகள் கார் வாங்கிய காலத்தில் இவர் விமானம் ஓட்டப் படித்து, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய விமானம் ஒன்றை வாங்கி வந்தார். கீழக்கரைக்கு வெளியே, கடலோரத் தரவைப் பொட்டலில் ஓலைக் கொட்டகை போட்டு நிறுத்தினார். காற்றில் புரண்டுவிடாமல் இருக்க, தோணியைக் கட்டுவதுபோல நங்கூரம் போட்டுக் கட்டியிருப்பார். பறக்கும் முன் மதுரை விமான நிலையத்துக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்ல வேண்டும். பெட்ரோலைத் துணியில் வடிகட்ட வேண்டும். தரவையில் மேயும் ஆடுகளை விரட்டுவது பிள்ளைகளான எங்கள் வேலை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, இறங்கியதும் அதைக் குளிப்பாட்டுவது. உப்புக் காற்று தகட்டைத் தின்றுவிடும் என்று ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். நல்ல தண்ணீர் கையில் இல்லாத நாளில் பறக்கவே மாட்டார். எங்கள் ஊர்க் கிணறுகளிலோ உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் மாட்டுவண்டியில் பீப்பாயில் வரும். அதை வாங்கி, அடுப்படியை ஒட்டிய அறையில் பெரிய மண் சால்களில் நிரப்பி வைப்பவர் மாமி.

"மனுசருக்கு உப்புத் தண்ணி, ஒங்க தும்பிக்கு நல்ல தண்ணியா?" என்பார் மாமி.

"அதுவும் நம்ம பிள்ளைதானே."

"அப்ப பெத்தவரே செமந்துட்டுப் போங்க."

சொல்வாரே தவிர, குடங்களை நிரப்பித் தந்துவிடுவார். ஆனால் ஒருநாளும் விமானத்தில் ஏறியதில்லை. மாமா பறக்கும்போதெல்லாம் மொட்டைமாடியில் நின்று, அந்தச் சத்தம் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். மாமிக்கு வேடிக்கை பார்ப்பதில் அவ்வளவு ஆசை என்று நினைத்திருந்தேன். மாமியின் வாப்பா, கடல் கொந்தளிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில், தோணியில் கொழும்புக்குப் போய்த் திரும்பாதவர் என்று உம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். அது கடல் சமாச்சாரம். விமானம்தான் கடலில் போகாதே.

பிள்ளைகளை முறை வைத்து ஏற்றிக்கொண்டு போனார் மாமா. கேட்கக் கூச்சப்பட்டே நான் கடைசியானேன். மேலேயிருந்து பார்த்தால் பாம்பன் பாலம் தலை சீவுகிற சீப்பு மாதிரி இருக்கும் என்று மாமா மகன் சொன்னான். "நீ பாக்கப் போறதில்ல. ஏறுன ஒடனே கண்ண மூடிக்குவ," என்றும் சொன்னான். மூடக் கூடாது என்று ஊஞ்சலில் ஆடிப் பழகினேன்.

என் முறை வெள்ளிக்கிழமை என்று முடிவான வாரம் கச்சான் காற்று தொடங்கியது. திங்கட்கிழமை தனியாகப் பறந்த மாமா, காற்று வலுத்ததால் மதுரையில் இறங்கி, அந்தி மஃரிப் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்து யாருடைய காரிலோ வந்து சேர்ந்தார். டிரங்க் கால் கிடைக்கவில்லையாம். அதுவரை மாமி மாடியை விட்டு இறங்கவில்லை. காற்று சற்றுத் தணிந்ததும் மாமா போய் விமானத்தை ஓட்டி வந்தார். மாமி தண்ணீர் கொடுத்தார். தும்பி என்றுகூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த மாமா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் அறைக்குப் போனார். மாமி வாசலை மறித்து நின்றார்.

"தண்ணி இல்ல. வண்டி வரல."

"நேத்து வண்டிச் சத்தம் கேட்டுச்சே?"

"அது பக்கத்து வீட்டுக்கு."

கொஞ்சமாவது இருக்காதா என்று மாமியின் கைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். சால்கள் எல்லாம் கழுத்துவரை நிறைந்திருந்தன. கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயில் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி மாமாவைப் பார்த்தேன். என் தலைக்கு மேலாக அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமியைப் பார்த்தார். கதவைப் பிடித்திருந்த கையை மாமி எடுக்கவில்லை.

"ஆமா, ஒண்ணுமே இல்லதான்," என்றார் மாமா. "இன்னைக்கு ஏலாது மருமவளே."

குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நங்கூரக் கயிற்றை இறுக்கிக் கட்டுவதற்குத் தரவைக்குப் போய்விட்டார். கச்சான் அடங்கும் முன்பே விமானம் விலைபோயிற்று.

அன்று சாயங்காலம் மாமி எனக்கு நன்னாரி சர்பத் கலக்கித் தந்தார். வாங்கக் கூடாது என்று இருந்தவள், வாங்கி இரண்டு கிளாஸ் குடித்தேன். மாமியின் மேல் கோபம் இருந்தாலும் அதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு வந்திருந்தது. அவ்வளவு தண்ணீர் எதிரிலேயே இருந்தும் மாமாவுக்குத் தெரியவில்லையே! விமானம் ஓட்டுகிறவருக்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டாமா? மாமாவின் கண்ணைச் சரியாக்கித் தரும்படி துஆ கேட்டுவிட்டுத்தான் அன்று தூங்கினேன்.